திரும்பத் திரும்ப வரும் டிஸ்ப்ளே பெட்டி: லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, சுபுண்டு போன்றவற்றைப் பழைய லேப்டாப்பில் போட்டுக்கொண்ட நண்பர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் புகார் இதுதான். வேலைக்கு நடுவில், யாரும் கூப்பிடாமலே, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பெட்டி திரை நடுவில் வந்து நிற்கிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் எக்ஸ்எஃப்சிஇ (திரையில் மெனு, சாளரங்கள் எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் மென்பொருள்) பற்றித்தான் பேசுகிறேன், மற்ற டெஸ்க்டாப்புகள் கடைசிப் பக்கத்தில் வரும். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வேறாகச் சொல்லாத இடங்களில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

"லேப்டாப்பைத் திறந்தாலே டிஸ்ப்ளே பெட்டி வந்து நிக்குது. இது வைரஸா?"

இல்லை. அது உங்கள் டெஸ்க்டாப்பின் சொந்தப் பெட்டிதான். புதிதாக மானிட்டரோ டிவியோ புரொஜெக்டரோ செருகினால், படத்தை எங்கே காட்டுவது என்று கேட்பதற்காக அது திறக்கிறது. லேப்டாப் திரையில் மட்டும் காட்டவா, இரண்டிலும் ஒரே படமா, பக்கத்தில் நீட்டவா, வெளித்திரையில் மட்டுமா என்று கேட்கும் சின்னப் பெட்டி அது. செட்டிங்ஸ் மெனுவில் இருக்கும் முழு டிஸ்ப்ளே சாளரத்தின் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வருவதால் மட்டும் கோப்புகளுக்கோ திரைக்கோ எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அது காரணமில்லாமல் வருவதில்லை. காரணம் ஒரு கேபிளாகவோ போர்ட்டாகவோ இருக்கலாம் என்பதால், மூடிவிட்டுக் கடந்துபோவதை விட ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"நான் எதையுமே செருகலையே. அப்புறம் ஏன் கேக்குது?"

இந்தப் பெட்டி திறக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. இந்தப் பக்கம் முழுக்க இந்த இரண்டைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

முதல் வழி இணைப்பு. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் போன்ற போர்ட்டுகளில் "எதிரே ஒரு திரை வந்துவிட்டது" என்று சொல்வதற்கென்றே ஒரு பின் இருக்கிறது. எச்டிஎம்ஐயில் அது 19-ஆம் பின், டிஸ்ப்ளேபோர்ட்டில் 18-ஆம் பின். அதில் மின்னழுத்தம் ஏறினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செய்தி அனுப்பும், எக்ஸ்எஃப்சிஇயின் செட்டிங்ஸ் சேவை அதைக் கேட்டுப் பெட்டியைத் திறக்கும். கேபிள் தளர்ந்திருந்தாலோ போர்ட்டில் ஈரமோ தூசியோ இருந்தாலோ, வாசலில் ஆளே இல்லாமல் காலிங் பெல் அடிப்பதைப் போல அந்தச் செய்தி கிளம்பிவிடும்.

இரண்டாவது வழி விசை. கீபோர்டில் டிஸ்ப்ளே மாற்றும் பட்டனை அழுத்தினாலும் இதே பெட்டிதான் வரும். நீங்கள் அழுத்தாமலே அந்த விசையின் சமிக்ஞை வரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. கீழே அதை விரிவாகச் சொல்கிறேன்.

"எந்த வழியா வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கட்டளை எதுவும் வேண்டாம். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போங்கள். கொஞ்சம் பழைய பதிப்புகளில் "புதிய டிஸ்ப்ளே இணைந்தால் அமைக்கவும்" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். புதிய பதிப்புகளில் அந்த இடத்தில் ஒரு தேர்வுப் பட்டியல் இருக்கும்: எதுவும் செய்யாதே, பெட்டியைக் காட்டு, ஒரே படமாகக் காட்டு, நீட்டிக் காட்டு. டிக்கை எடுத்துவிடுங்கள், அல்லது "எதுவும் செய்யாதே" என்று வையுங்கள். அப்படியே ஒருநாள் வழக்கம்போல் வேலை பாருங்கள்.

பெட்டி நின்றுவிட்டால் அது இணைப்பு வழியாக வந்தது. அப்படியும் வந்தால் விசை வழியாக வருகிறது, ஏனென்றால் விசை அழுத்தலுக்கு இந்த அமைப்பு பொருந்தாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கேபிள் மாற்றுவது, டிரைவர் மாற்றுவது, சிஸ்டத்தையே புதிதாகப் போடுவது என்று இறங்கியவர்கள் நிறைய. தயவுசெய்து முதலில் இதைச் செய்யுங்கள்.

"நின்னுடுச்சு! அப்படியே விட்டுடலாமா?"

வெளித்திரையே பயன்படுத்தாதவர் என்றால் தாராளமாக விடலாம். லேப்டாப்பை எப்போதாவது புரொஜெக்டரில் செருகுபவர் என்றால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இனி செருகியதும் தானாக எதுவும் கேட்காது. சூப்பர் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி நீங்களே பெட்டியை வரவழைக்க வேண்டும். விண்டோஸ் படம் போட்ட விசைதான் சூப்பர் விசை.

வகுப்பெடுக்கிறவர்களுக்கும் அலுவலகக் கூட்டத்தில் காட்டுகிறவர்களுக்கும் நான் சொல்வது வேறு. புதிய பதிப்பு இருந்தால் "ஒரே படமாகக் காட்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். செருகியதும் பெட்டி இல்லாமல் நேராகப் படம் விழும், எல்லோர் முன்னாலும் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் பெட்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது என்றால், அறிவிப்பை அணைத்தது சத்தத்தை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது. உள்ளே போர்ட் இன்னும் இணைந்தும் பிரிந்தும் கொண்டிருக்கும். சாளரங்கள் இடம் மாறுவது, திரை ஒரு கணம் கறுத்து மீள்வது போன்றவை தொடரலாம். அப்படியென்றால் எச்டிஎம்ஐ, விஜிஏ பற்றிய கேள்விகளையும் படியுங்கள்.

"அணைச்சும் வருது. இப்ப என்ன பண்றது?"

அப்படியென்றால் விசை வழி. செட்டிங்ஸ், கீபோர்டு, அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ் பக்கத்தைத் திறந்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறக்கும் கட்டளைகளைத் தேடுங்கள். வழக்கமாக இரண்டு இருக்கும். ஒன்று சூப்பர்+பி. மற்றொன்று லேப்டாப்பின் தனி டிஸ்ப்ளே விசை, அதன் பெயரிலேயே டிஸ்ப்ளே என்ற சொல் இருக்கும்.

முதலில் அந்தத் தனி டிஸ்ப்ளே விசையின் வரியை மட்டும் நீக்குங்கள். பெட்டி நின்றுவிட்டால் வேலை முடிந்தது, சூப்பர்+பி வழக்கம்போல் வேலை செய்யும். நிற்கவில்லை என்றால் ஏதோ ஒன்று சூப்பர்+பியை அனுப்புகிறது. அடுத்த கேள்வி உங்களுக்குத்தான். அந்தப் பக்கத்தில் உள்ள "டீஃபால்ட்டுக்கு மீட்டமை" பட்டனைப் பிற்பாடு அழுத்தினால் நீக்கிய வரி திரும்பி வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"எஃப்7 அழுத்தினா வேற வேலை நடக்கணும். எனக்கு இந்தப் பெட்டிதான் வருது."

மேல்வரிசை விசைகள் பல லேப்டாப்புகளில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒலி, வெளிச்சம், டிஸ்ப்ளே போன்ற வேலைகளுக்கு மாற்றப்பட்டிருக்கும். எஃப்4, எஃப்7, எஃப்8 ஏதாவது ஒன்றில் இரண்டு திரைப் படம் சின்னதாக அச்சிட்டிருந்தால் அதுதான் டிஸ்ப்ளே விசை. பல மாடல்களில் அந்த விசையை அழுத்தினால் கீபோர்டே சூப்பர்+பி என்ற சேர்க்கையை அனுப்பும். அலுவலக மென்பொருளில் எஃப்7 எழுத்துப்பிழை பார்க்கும் விசை என்பதால், எழுதுகிறவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பு மெனு) "ஆக்‌ஷன் கீஸ்" அல்லது "ஹாட்கீ மோட்" என்ற பெயரில் ஒரு அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் பூட்டு மாறும். அதன்பிறகு எஃப்7 எஃப்7 ஆகவே வரும், டிஸ்ப்ளே வேண்டுமென்றால் எஃப்என்னோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

"கீபோர்டுல கையே வைக்கல. சார்ஜரைப் பிடுங்கினா, இல்ல மூடியைத் திறந்தா வருது."

இதுதான் எல்லோரையும் அதிகம் குழப்புவது, கண்டுபிடித்தபின் தீர்ப்பது சுலபமாக இருப்பதும் இதுவே. லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), "வீடியோ இணைப்பில் ஏதோ மாற்றம் நடந்திருக்கலாம், பார்த்துக்கொள்" என்று கெர்னலுக்கு ஒரு குறிப்பு அனுப்பும் வசதி ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை முறையில் உண்டு. கெர்னல் அந்தக் குறிப்பை ஒரு விசை அழுத்தலாக மாற்றித் தருகிறது. அதற்காக "வீடியோ பஸ்" என்ற பெயரில் ஒரு கற்பனைக் கீபோர்டையே வைத்திருக்கிறது. சில மாடல்களின் ஃபர்ம்வேர் சார்ஜர் கழற்றினாலோ தூக்கத்திலிருந்து எழுந்தாலோ அந்தக் குறிப்பைத் தேவையில்லாமல் அனுப்பிவிடுகிறது. எக்ஸ்எஃப்சிஇயின் பார்வையில் நீங்கள் டிஸ்ப்ளே விசையை அழுத்தினீர்கள், அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஈவிடெஸ்ட் என்ற சின்னக் கருவியை நிறுவுங்கள். இ, வி, டி, இ, எஸ், டி என்ற 6 எழுத்துகள்தான் பொதியின் பெயரும் கட்டளையும் (இரண்டு டியும் "டெஸ்ட்" என்பதன் டி). டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) சூடோவோடு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஓட்டினால் உள்ளீட்டுச் சாதனங்கள் எல்லாம் எண் போட்டு வரிசையாக வரும். "வீடியோ பஸ்" எதிரே இருக்கும் எண்ணைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இப்போது சார்ஜரைக் கழற்றுங்கள். கோட் 227 என்ற ஆங்கிலக் குறிப்போடு ஒரு வரி திரையில் விழுந்தால் முடிந்தது, அதுதான் டிஸ்ப்ளே மாற்றும் விசையின் எண். யாருமே தொடாத விசை உங்கள் கண்முன் அழுத்தப்படுவதைப் பார்க்கலாம்.

எக்ஸ்இவி என்ற கருவியைப் பலர் பரிந்துரைப்பார்கள். இந்த இடத்தில் அது தவறான பதில் தரும். ஷார்ட்கட்டாகப் பதிவான விசையை டெஸ்க்டாப் முன்னாலேயே பிடித்துக்கொள்வதால் அது எக்ஸ்இவி சாளரத்துக்கு ஒழுங்காக வந்து சேராது.

"அந்த வீடியோ பஸ்ஸையே ஒழிச்சுட்டா?"

வேண்டாம். சில லேப்டாப்புகளில் திரை வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும் விசைகளும் (225, 224) அதே வீடியோ பஸ் வழியாகத்தான் வருகின்றன. அதை மொத்தமாக அணைத்தால் வெளிச்ச விசைகளும் செத்துப்போகும்.

ஷார்ட்கட்டை நீக்குவதே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஒரே லேப்டாப்பில் வீட்டில் பலர் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் நீக்க முடியாது என்றால் கெர்னலிடமே சொல்லிவிடலாம். ஏசிபிஐ வீடியோ மாட்யூலுக்கு "எந்த விசைகளைத் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு அளவுரு உண்டு. 0 என்றால் எதுவும் வேண்டாம், 1 என்றால் டிஸ்ப்ளே மாற்றம் மட்டும், 2 என்றால் வெளிச்சம் மட்டும், 3 என்றால் எல்லாம். நமக்கு வேண்டியது 2. வீடியோ, புள்ளி, ரிப்போர்ட், அடிக்கோடு, கீ, அடிக்கோடு, ஈவண்ட்ஸ், சமக்குறி, 2 என்று இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்பதைக் கிரப் (லேப்டாப் ஆன் ஆனதும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"எச்டிஎம்ஐல மானிட்டர் எப்பவும் செருகித்தான் இருக்கு. டீ குடிச்சுட்டு வந்தா பெட்டி நிக்குது."

மானிட்டர் தூங்கப் போயிருக்கும். சில மானிட்டர்களும் டிவிகளும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது அந்த இணைப்புப் பின்னை இறக்கிவிடும், டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களில் இது ரொம்ப சகஜம். லேப்டாப்புக்கு அது கேபிளைப் பிடுங்கியது போலத் தெரியும். விழிக்கும்போது மறுபடி செருகியது போலத் தெரியும், பெட்டி வரும்.

மானிட்டரின் சொந்த மெனுவில் "டீப் ஸ்லீப்", "ஆட்டோ பவர் ஆஃப்" போன்ற அமைப்பு இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் புரொஃபைல் போட்டு வையுங்கள். டிஸ்ப்ளே சாளரத்தில் திரைகளை உங்களுக்குப் பிடித்த மாதிரி அடுக்கி, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒரு பெயரோடு புரொஃபைல் உருவாக்கி, புதிய திரை இணையும்போது தானாகப் புரொஃபைலைப் போடும் அமைப்பையும் இயக்குங்கள். எக்ஸ்எஃப்சிஇ 4.14 (2019) முதல் இந்த வசதி உண்டு. தெரிந்த மானிட்டர் திரும்பி வந்தால் கேட்காமலே பழைய அடுக்கைப் போட்டுவிடும். தெரியாத திரை வந்தால் மட்டும் பெட்டி கேட்கும். வெளி மானிட்டரோடு தினமும் வேலை செய்பவர்களுக்கு அறிவிப்பை அணைப்பதை விட இதைத்தான் பரிந்துரைப்பேன்.

"புரொஃபைல் போட்டேன். சில நாள் வேலை செய்யுது, சில நாள் மறுபடி கேக்குது."

எக்ஸ்எஃப்சிஇ மானிட்டரை அடையாளம் காண்பது ஈடிஐடி என்ற தகவலை வைத்து. மானிட்டரின் தயாரிப்பாளர், மாடல், ஆதரிக்கும் தெளிவுத்திறன்கள் எல்லாம் அடங்கிய, குறைந்தது 128 பைட் அளவுள்ள தகவல் அது. மானிட்டர் அதைக் கேபிள் வழியாகவே அனுப்புகிறது. கேபிள் மோசமாக இருந்து அந்தத் தகவல் பாதியில் அறுந்துபோனால், அதே மானிட்டர் வேறொரு மானிட்டராகத் தெரியும். புரொஃபைல் பொருந்தாது, பெட்டி வரும்.

ஆக, இது கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய இடம். நீளம் குறைந்த வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவாக மாற்றும் மலிவான கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால் அதைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே மானிட்டர், நடுவுல கேவிஎம் ஸ்விட்ச். மாத்தும்போதெல்லாம் வருது."

எளிய கேவிஎம் ஸ்விட்சுகள் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறும்போது உங்கள் பக்கத்து இணைப்பை முழுதாக அறுத்துவிடும். ஈடிஐடி எமுலேஷன் உள்ள ஸ்விட்ச் என்றால் மானிட்டர் அங்கேயே இருப்பது போல் காட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு மேலே சொன்ன புரொஃபைலே வழி. யுஎஸ்பி-சி டாக்குகளுக்கும் இதே பதில்தான்.

"விஜிஏல எதுவும் செருகல. ஆனா விஜிஏ கனெக்டட்னு காட்டுது."

பேய்த்திரை என்று இதைச் சொல்வோம், பழைய லேப்டாப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். டெர்மினலில் எக்ஸ்ராண்டர் (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்) என்று தட்டினால் ஒவ்வொரு போர்ட்டின் பெயரும் கனெக்டட், டிஸ்கனெக்டட் என்ற நிலையும் வரும். செருகாத போர்ட் கனெக்டட் என்று வந்து, அதன் கீழே அதிகபட்சமாக 1024x768 மட்டுமே இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. "ஏதோ இருக்கிறது, ஆனால் ஈடிஐடி தரவில்லை" என்ற நிலையில் கெர்னல் கொடுக்கும் வழக்கமான அளவு அதுதான்.

காரணம் இது: விஜிஏ போர்ட்டில் எச்டிஎம்ஐ போல இணைப்பைச் சொல்லும் தனிப் பின் கிடையாது. அதனால் கெர்னல் தானே அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. தானாகச் செய்தி தராத போர்ட்டுகளை 10 விநாடிக்கு ஒருமுறை சோதிப்பது வழக்கம். ஈடிஐடி கிடைக்காவிட்டால் வண்ணக் கம்பிகளில் மின்சுமை இருக்கிறதா என்று அளக்கும். போர்ட் பழசாகி அந்த அளவு தடுமாறினால், ஒருமுறை இருக்கிறது, மறுமுறை இல்லை என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு "இருக்கிறது"க்கும் ஒரு பெட்டி. மவுஸ் குறிமுள் 10 விநாடிக்கு ஒருமுறை லேசாகத் திக்குகிறது என்று யாராவது சொன்னாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

"எக்ஸ்ராண்டர்ல அந்த விஜிஏவை ஆஃப் பண்ணினேன். மறுபடி வருது."

ஆஃப் செய்தால் அந்தத் திரைக்குப் படம் போவது நிற்கும், கெர்னல் அதைச் சோதிப்பது நிற்காது. பெட்டியை வரவழைப்பது சோதனைதான். அதனால் கெர்னல் மட்டத்திலேயே அந்தப் போர்ட்டை மறக்கச் சொல்ல வேண்டும்.

"கெர்னல் மட்டத்துல எப்படி? கிரப்னா எனக்குப் பயம்."

பயப்படத் தேவையில்லை, முதலில் ஒரு தடவைக்கு மட்டும் சோதிக்கலாம். லேப்டாப் ஆன் ஆகும்போது கிரப் மெனுவில் முதல் வரியில் நின்று இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு, வீடியோ, சமக்குறி, விஜிஏ-1, முக்காற்புள்ளி, டி என்று சேர்த்து எழுதுங்கள். விஜிஏ மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி டி ("டிஸ்ப்ளே" என்பதன் முதல் எழுத்து) "இந்தப் போர்ட் வேண்டாம்" என்பதற்கு. எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் அந்த அமைப்போடு தொடங்கும். தவறாகத் தட்டியிருந்தாலும் மறுமுறை ஆன் செய்யும்போது பழையபடிதான் இருக்கும்.

பெட்டி நின்றது உறுதியானதும் நிரந்தரமாக்குங்கள். இடிசி அடைவில் டீஃபால்ட் என்ற அடைவுக்குள் கிரப் என்ற கோப்பு இருக்கும். அதில் "சிஎம்டிலைன் லினக்ஸ் டீஃபால்ட்" என்று முடியும் வரியின் மேற்கோள்குறிகளுக்குள் அதே சொல்லைச் சேர்த்துச் சேமித்து, சூடோவோடு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். வீடியோ பஸ் கேள்வியில் சொன்ன அளவுருவும் இதே இடத்துக்குத்தான் போகும்.

இங்கே பலர் வழுக்கும் ஒரு இடம் இருக்கிறது. எக்ஸ்ராண்டர் காட்டும் பெயரும் கெர்னல் வைத்திருக்கும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. எக்ஸ்ராண்டரில் எச்டிஎம்ஐ-1 என்று இருப்பது கெர்னலில் எச்டிஎம்ஐ-ஏ-1 என்று இருக்கும். கிரப்பில் கெர்னலின் பெயரைத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் எந்தப் பலனும் இருக்காது, பிழைச் செய்தியும் வராது. கெர்னலின் பெயர்களைப் பார்க்க, சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போங்கள். கார்டு0, கார்டு1 என்று தொடங்கும் அடைவுகளின் பெயரில் முதல் கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் சரியான பெயர். ஒவ்வொன்றிலும் ஸ்டேட்டஸ் என்ற கோப்பைத் திறந்தால் கனெக்டடா இல்லையா என்றும் தெரியும்.

"நாளைக்கு விஜிஏ புரொஜெக்டர் செருகினா?"

போர்ட்டை டி போட்டு மறக்கச் சொல்லியிருந்தால் படம் வராது, அளவுருவை எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விஜிஏ அவ்வப்போது தேவைப்படும் என்றால் போர்ட்டை விட்டுவிட்டு, 10 விநாடிச் சோதனையை மட்டும் நிறுத்தலாம். டிஆர்எம் அடிக்கோடு கேஎம்எஸ் அடிக்கோடு ஹெல்ப்பர், புள்ளி, போல், சமக்குறி, 0 என்பது அதற்கான அளவுரு. போல் என்பது பி, ஓ, எல், எல். அதன்பின் விஜிஏ செருகினால் தானாகத் தெரியாது, டிஸ்ப்ளே சாளரத்தை நீங்கள் திறக்கும்போது தெரியும். சொந்தப் பின் வைத்திருக்கும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் வழக்கம்போல் வேலை செய்யும்.

"செட்டிங்ஸ் கோப்பை அழிச்சா சரியாகும்னு சொல்றாங்களே?"

டிஸ்ப்ளே அமைப்பு குழம்பிப் போய், இல்லாத திரையின் மேல் சாளரங்கள் திறக்கின்றன என்றால் அது உதவும். பெட்டி மட்டும் வருகிறது என்றால் உதவாது, ஏனென்றால் காரணம் அந்தக் கோப்பில் இல்லை. புதிதாக உருவாகும் கோப்பில் அறிவிப்பு மறுபடி இயங்கிவிடக்கூடும் என்பதால் நிலைமை மோசமாகவும் ஆகலாம்.

அழிப்பதாக இருந்தால் முறையாகச் செய்யுங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது அழித்தால், நினைவகத்தில் இருக்கும் பழைய அமைப்பை எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை திரும்ப எழுதிவிடலாம். லாக்அவுட் செய்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரையில் உள்நுழைந்து, டிஸ்ப்ளேஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரை மாற்றிவையுங்கள். உங்கள் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் எக்ஸ்எஃப்சிஇ4, அதற்குள் எக்ஸ்எஃப்கான்ஃப், அதற்குள் எக்ஸ்எஃப்சிஇ-பெர்சேனல்-எக்ஸ்எம்எல் என்ற அடைவில் அது இருக்கும். அழிக்காமல் பெயர் மாற்றினால் திரும்பப் போக வழி இருக்கும்.

"என்கிட்ட எக்ஸ்எஃப்சிஇ இல்ல. க்னோம், கேடிஇ, மாத்தேல இதே தொல்லை."

இணைப்பு, விசை என்ற இரண்டு வழிகள் எல்லா இடத்திலும் அவைதான். கேடிஇ புதிய திரையைக் கண்டால் திரை நடுவில் படங்களோடு ஒரு பட்டையைக் காட்டும். க்னோமில் சூப்பர்+பி அழுத்தினால் அதே போன்ற பட்டை வரும். வீடியோ பஸ், கேபிள், பேய்த்திரை பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும்.

க்னோமில் "இந்த மாற்றங்களை வைத்துக்கொள்ளவா?" என்று 20 விநாடி எண்ணிக்கொண்டு வரும் பெட்டி வேறு ரகம். திரை அமைப்பை யாரோ மாற்றிய பிறகுதான் அது வரும். நீங்கள் மாற்றவில்லை என்றால், எந்தச் செயலியோ நீட்டிப்போ மாற்றுகிறது என்று தேடுங்கள்.

மாத்தேயில் உள்நுழைந்தவுடன் "சேமித்த மானிட்டர் அமைப்பைப் போட முடியவில்லை" என்று வரும் செய்தியும் வேறுதான். அங்கே கோப்புதான் குற்றவாளி: கான்ஃபிக் அடைவில் மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. பழைய மானிட்டரின் கணக்கு அதில் தங்கியிருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி உள்நுழைந்தால் செய்தி போய்விடும்.

"வேலேண்ட்ல எக்ஸ்ராண்டர் எல்லாம் சரின்னுதான் காட்டுது, ஆனா பெட்டி வருது."

வேலேண்டில் (எக்ஸ் என்ற பழைய திரைமுறைக்குப் பதிலாக வந்த புதிய முறை) எக்ஸ்ராண்டரின் பேச்சை நம்பாதீர்கள். பழைய செயலிகளுக்காக ஓடும் எக்ஸ்வேலேண்டின் பார்வையைத்தான் அது காட்டுகிறது. கிரப் கேள்வியில் சொன்ன டிஆர்எம் அடைவின் ஸ்டேட்டஸ் கோப்புகள் எக்ஸ் ஆனாலும் வேலேண்ட் ஆனாலும் உண்மையைச் சொல்லும். நிகழ்வதை நேரலையில் பார்க்க வேண்டுமென்றால் யுடெவ்அட்ம் (யு, டி, இ, வி, ஏ, டி, எம்) கட்டளையை, ஒரு இடைவெளி விட்டு மானிட்டர் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓட்டி, டெர்மினலைத் திறந்தபடி விடுங்கள். பெட்டி வரும் அதே நொடியில் நடுவில் சேஞ்ச் என்ற சொல்லோடு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் டிஆர்எம் என்று முடியும் வரி விழுந்தால் இணைப்பு வழி. அப்படிப்பட்ட வரி இல்லாமல் பெட்டி வந்தால் விசை வழி.

"எல்லாம் பண்ணிட்டேன். இது ஹார்டுவேரா சாஃப்ட்வேரா?"

எல்லா வெளிக் கேபிள்களையும் டாக்கையும் கழற்றிவிட்டு, யுடெவ்அட்ம் ஓடும்போது எச்டிஎம்ஐ, விஜிஏ போர்ட்டுகளைச் சுற்றியுள்ள உறையை லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது வரிகள் விழுந்தால் போர்ட்டின் சால்டர் தளர்ந்திருக்கிறது என்று பொருள், நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்கும்போது "டிஸ்ப்ளே பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். திரையையே மாற்றச் சொல்லிவிடக்கூடும். எந்தப் போர்ட், அழுத்தினால் என்ன ஆகிறது என்று காட்டிச் சொல்லுங்கள்.

அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், வேறு டிஸ்ட்ரோவின் (வேறு லினக்ஸ் வகையின்) லைவ் யுஎஸ்பியில், அதாவது நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில், தொடங்கி, உங்களுக்குப் பெட்டி வரும் அதே வேலையைச் செய்யுங்கள்: சார்ஜரைக் கழற்றுங்கள், மூடித் திறங்கள். அங்கேயும் வந்தால் ஃபர்ம்வேர் பக்கம் காரணம் இருக்கலாம். தயாரிப்பாளர் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வீடியோ பஸ் கேள்வியில் சொன்ன, 2 என்று முடியும் அளவுரு போதும். லைவ் யுஎஸ்பியில் வராமல் உங்கள் சிஸ்டத்தில் மட்டும் வந்தால், புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். புதிய கணக்கில் வரவில்லை என்றால் உங்கள் பழைய கணக்கின் ஷார்ட்கட்டுகளிலோ மற்ற அமைப்புகளிலோதான் காரணம் இருக்கலாம்.